சிரித்துக்கொண்டே வட்டி கட்டச் சொல்கிறார்கள்

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ், யூடியூப், அலுவலகப் பயிற்சி வகுப்பு, எங்கே போனாலும் கடனாளிக்கு எழுதித் தரப்படும் மருந்துச் சீட்டு ஒன்றுதான். பாசிட்டிவாக இருங்கள். பட்ஜெட் போடுங்கள். வெளியில் டீ குடிப்பதை விடுங்கள். உணவு ஆர்டர் செய்யும் செயலியை போனிலிருந்து நீக்குங்கள். கடன் தீரும் நாளை மனக்கண்ணில் பாருங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் கட்டம் போட்ட தாள் ஒன்றை ஒட்டி, அடைத்த ஒவ்வோர் ஆயிரத்துக்கும் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டுங்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொல்வதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். மொத்தமாகக் கேட்கும்போதுதான் அதற்குள் இருக்கும் தீர்ப்பு காதில் விழுகிறது: நீ கடன்பட்டதற்கு உன் கைதான் காரணம், அது தீராததற்கு உன் மனசு காரணம்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. கடன் தீருமா தீராதா என்பதை முதலில் முடிவு செய்வது வட்டி விகிதம். சிக்கனமும் மனத்தெம்பும் அதற்கு வெகுதூரம் பின்னால் வருகிறவை. வரிசையை மாற்றிச் சொல்லும் அறிவுரையால் லாபம் அடைகிறவர் கடன் கொடுத்தவர் மட்டுமே.

டீக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு டீ 15 ரூபாய், நாளைக்கு இரண்டு. மாதம் 900 ரூபாய். சரி, நிறுத்தியாயிற்று. இப்போது வட்டிக்கு வருவோம். நம் ஊர்களில் யாரும் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று பேசுவதில்லை; ரெண்டு வட்டி, அஞ்சு வட்டி, பத்து வட்டி என்றுதான் பேச்சு. எல்லாம் நூற்றுக்கு, மாதத்துக்கு. ஒரு லட்சத்தை அஞ்சு வட்டிக்கு வாங்கியவர் மாதம் 5,000 ரூபாய் கொடுக்கிறார். அசலில் ஒரு பைசா குறையாது. டீயை நிறுத்தி மிச்சம் பிடித்த 900 ரூபாய் ஐந்தரை நாள் வட்டிக்குக் காணாது. பத்து வட்டி என்றால் மூன்று நாளுக்குக்கூட வராது. இந்த மனிதரிடம் போய், சின்னச் சின்னச் செலவுதான் பெரிய ஓட்டை என்று வகுப்பெடுக்கிறோம்.

அதே ஒரு லட்சத்தை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை வைத்து ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மாற்றினால் வட்டி மாதம் 833 ரூபாய். மிச்சம் 4,167. நகை மதிப்பீட்டாளர் கல்லில் உரசிப் பார்த்து, எடை போட்டு, சீட்டு எழுதும் ஒரு முற்பகல் நேரத்தில், நாலரை மாத டீக்காசு கைக்கு வந்துவிடுகிறது. பிறகு ஏன் வீட்டில் நகையை வைத்துக்கொண்டே அஞ்சு வட்டிக்கு வாங்குகிறார்கள்? அறியாமை என்று சொல்பவர்கள் அந்த வீடுகளுக்குள் போனதில்லை. அடுத்த வாரம் நாத்தனார் மகளுக்குச் சடங்கு. வெறும் கழுத்தோடு போய் நிற்க முடியாது. வங்கி வரிசையில் நிற்பதை எதிர்வீட்டார் பார்ப்பார். மதிப்பீட்டாளர் சொந்தக்காரராகவும் இருக்கலாம். அஞ்சு வட்டிக்காரரோ இருட்டிய பிறகு வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார், யாருக்கும் தெரியாது. இரண்டு வட்டிக்கும் நடுவில் உள்ள அந்த 4,167 ரூபாய், ரகசியத்துக்குக் கொடுக்கும் விலை. முகத்தில் கவலை தெரியாமல் வைத்துக்கொள் என்ற அறிவுரை இந்த ரகசியத்தைத்தான் இன்னும் கொஞ்சம் கெட்டியாக மூடுகிறது. மனைவிக்குத் தெரியாமல் கணவனும், கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் வாங்கிய கடன்கள் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று அறியாமல் வளர்வது, எல்லோரும் சிரித்த முகத்தோடு இருக்கும் வீடுகளில்தான்.

கட்டத்துக்கு வண்ணம் தீட்டும் யோசனைக்கு வருகிறேன். இதை மேல்நாட்டு மனவியல் உத்தி என்று அறிமுகப்படுத்துகிறார்கள். நம் சந்தைகளில் தண்டல்காரர்கள் எத்தனையோ காலமாக இதைத்தான் செய்கிறார்கள். கட்டம் கட்டமாக அச்சடித்த அட்டை, மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியது, காய்கறிக் கடையின் தராசுக்குக் கீழே செருகியிருக்கும். பணம் கொடுத்த நாளுக்கெல்லாம் ஒரு கட்டத்தில் நீல மைக் கிறுக்கல். 10,000 ரூபாய்க் கடன் என்று பேச்சு. 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளைக்கு 100 வீதம் நூறு நாள். கேட்டால் பதினைந்து சதவீதம் என்பார்கள். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், ஐம்பதாவது நாளில் கடைக்காரர் கையில் இருப்பது வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான். முறையாகக் கணக்குப் போட்டால் இது ஆண்டுக்கு 120 சதவீதம். கட்டங்கள் நிரம்ப நிரம்ப மனசுக்குத் திருப்தி வருகிறது, அதை மறுக்கவில்லை. எழுபது கட்டம் தாண்டியதும் தண்டல்காரர் சொல்வார்: “நல்லாக் கட்டுறீங்கக்கா, புது அட்டை போட்டுக்கலாமே.” பழைய பாக்கி 3,000 போக 5,500 கைக்கு வரும். மறுநாளிலிருந்து மறுபடி ஒன்றாம் கட்டம். ஒழுங்காகவும் உற்சாகமாகவும் கட்டுகிறவர்தான் அந்த வியாபாரத்தின் முதல். அழுது புலம்பி, ஊரைக் கூட்டி, இது என்ன கணக்கு என்று கேட்கிறவருக்கு இரண்டாவது அட்டை கிடைப்பதில்லை.

படித்தவர்களுக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். பைக் கடனுக்கு ஃபிளாட் ரேட் 10 சதவீதம் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று வருஷ வட்டி 30,000. மாதத் தவணை 3,611. குறைந்துவரும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது கிட்டத்தட்ட 18 சதவீதம். கிரெடிட் கார்டின் மினிமம் டியூ இதைவிட நாகரிகமான தண்டல் அட்டை. பாக்கி 50,000, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,750, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை, 5 சதவீதம் என்றால், 2,500. அசலில் கழிந்தது 435 ரூபாய். “நன்றி, உங்கள் பணம் வந்து சேர்ந்தது” என்று பச்சை நிற டிக் குறியோடு குறுஞ்செய்தி வரும். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தச் செய்தி வந்த வாரத்தில் சிக்கனக் குறிப்புச் சேனல்கள் இதைப் பேசினவா என்று தேடிப் பாருங்கள். அரிசி மாவில் பேன்கேக் செய்வது எப்படி என்று கிடைக்கும்.

பட்ஜெட் போடுவதற்கு வருவோம். எல்லோரும் ஒப்பிக்கும் வாய்ப்பாடு 50-30-20: வருமானத்தில் பாதி அத்தியாவசியத்துக்கு, முப்பது விருப்பத்துக்கு, இருபது சேமிப்புக்கும் கடனுக்கும். இதைப் பரப்பியவர் எலிசபெத் வாரன், ஹார்வர்டில் திவால் சட்டம் கற்பித்த பேராசிரியர், பின்னாளில் அமெரிக்க செனட்டர். மகள் அமீலியாவோடு சேர்ந்து 2005இல் எழுதிய புத்தகத்தில் இந்தப் பங்கீடு வருகிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அதே தாயும் மகளும் எழுதிய இன்னொரு புத்தகத்தை நம் ஆலோசகர்கள் தொடுவதில்லை. அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் ஆடம்பரத்தால் திவாலாகின்றன என்பது கட்டுக்கதை என்று அதில் வாதிட்டார்கள். வீட்டுக் கடன், மருத்துவம், பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக நல்ல பேட்டையில் வீடு பிடிப்பது, வேலை இழப்பு, மணமுறிவு, இவைதான் குடும்பங்களைக் கவிழ்த்தன. துணிமணிக்கும் சாப்பாட்டுக்கும் முந்தைய தலைமுறையைவிடக் குறைவாகவே செலவழித்தார்கள் என்று காட்டினார்கள். வாய்ப்பாடு விமானம் ஏறி வந்தது, காரணம் அங்கேயே நின்றுவிட்டது.

நம் ஊரில் அந்த வாய்ப்பாடு இன்னொரு இடத்திலும் முட்டுகிறது. அது மாதச் சம்பளக்காரர்களுக்கானது. கொத்தனாருக்கு மழை பெய்தால் வேலை இல்லை, பூக்காரருக்கு மார்கழியில் ஒரு வருமானம், ஆடியில் ஒரு வருமானம். எதில் பாதி, எதில் முப்பது? பள்ளிக்கூடக் கட்டணம் மட்டும் ஜூன் மாதம் தவறாமல் வந்து நிற்கும். அப்புறம் மொய். “சமூக அழுத்தத்துக்காகச் செய்யும் செலவுகளை வெட்டுங்கள்” என்று ஆலோசகர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது பிறந்தநாள் பார்ட்டி. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கம், தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் போய்ப் பார்த்தால் தெரியும், மொய் விருந்து என்பது ஊரே சேர்ந்து நடத்தும் வங்கி. கிடாக்கறி விருந்து போட்டு, நோட்டுப் புத்தகம் விரித்து, யார் எவ்வளவு என்று எழுதி வாங்குகிறார்கள். வாங்கியதை அவரவர் விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும், புதிதாகக் கொஞ்சம் சேர்த்து. அதைத் தொழிலுக்கும் கிணறு வெட்டவும் கல்யாணத்துக்கும் போடுகிறார்கள். கடனில் இருக்கும் ஒருவர் சிக்கனம் என்ற பெயரில் மொய்யை நிறுத்தினால் அவர் வெட்டியது செலவை அல்ல. வட்டியில்லாமல் பணம் புரட்டும் ஒரே வழியை. அதற்காக மொய்யைக் கொண்டாடவும் நான் தயாரில்லை. விருந்துச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, திருப்பிச் செய்ய முடியாதவர்கள் படும் அவமானம் சின்னதில்லை. ஆனால் அதை ‘விருப்பச் செலவு’ என்ற பத்தியில் எழுதுகிற பட்ஜெட், இந்த மண்ணில் வாழும் மனிதருக்காகப் போட்டதல்ல.

மனசைச் சரிசெய்தால் பணம் சரியாகும் என்ற வாதத்துக்கு நம் ஊர்க் கரும்புக் காட்டிலேயே பதில் கிடைத்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் சாவ் ஆகியோர் ஆராய்ந்து, 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். கரும்புக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெரிய பணம். அறுவடைக்கு முன்பு வீட்டில் அடகுச் சீட்டுகள் சேரும், பணம் வந்த பிறகு அவை மீண்டுவிடும். அதே விவசாயிக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரி அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். முன்பு தடுமாறினார், பின்பு தெளிவாகச் செய்தார். மனிதர் அதே மனிதர், குணம் அதே குணம். மாறியது கையிருப்பு மட்டும். இரண்டாம் முறை பழக்கத்தால் நன்றாகச் செய்திருப்பாரோ என்ற சந்தேகத்துக்கு, அறுவடைக்குப் பிறகு மட்டும் சோதித்த தனிக் குழுவையும் வைத்திருந்தார்கள். இந்த ஆய்வின் புள்ளியியலைக் கேள்வி கேட்ட அறிஞர்களும் உண்டு. ஆனாலும், பணமுடையில் இருக்கும் ஒருவர் வீட்டில் பத்து நாள் இருந்து பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. காஸ் சிலிண்டருக்கு யாரிடம் கேட்பது என்ற ஒரே யோசனை தலையை அடைத்துக்கொண்டிருக்க, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதத்தை இரண்டு தடவை படித்தும் மண்டையில் ஏறாது. அவரிடம் போய் மனக்கண்ணில் காட்சி காணச் சொல்வதைவிட, அவர் மடியில் இருக்கும் ஏழு கடன் தாள்களை வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டித் தந்தால் உதவியாக இருக்கும்.

அந்தத் தாள்களில் என்ன தேட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், உற்சாகப் பேச்சுகளில் இது வருவதில்லை என்பதால். 2024 அக்டோபர் முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்குத் தரும் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குழுக் கடனுக்கு 2022இலிருந்து தனி விதிகள்: ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு, எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக்கூடாது, முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை, தாமத அபராதம் பாக்கி நின்ற தவணைக்கு மட்டும்தான், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. குழுக் கூட்டம் நடக்கும் திண்ணைகளில் இதெல்லாம் எப்படி நடக்கிறது? ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. “நீங்க பேசி முடிங்கக்கா, நான் வெயிட் பண்றேன்” என்று டேப்லெட்டை மடியில் வைத்தபடி ஒரு இளைஞர் உட்கார்ந்திருப்பார். அவர் சத்தம் போட வேண்டியதே இல்லை, பக்கத்து வீட்டுக்காரியே போடுவாள். அங்கே ஒருத்தி விதியை எடுத்துச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டும் என்றால் அவளுக்குக் கோபம் வர வேண்டும். பாசிட்டிவாக இருக்கும் பெண் பக்கத்துத் தெருவில் இன்னொரு குழுவில் சேர்ந்து, அந்தப் பணத்தை வாங்கி இதைக் கட்டுகிறாள்.

கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊரில் வழங்கும் பெயர்களையே எழுதிவைத்து, மூன்று ஆண்டு வரை சிறை என்று சொன்ன சட்டம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இரண்டு சின்னக் குழந்தைகளோடு ஒரு தம்பதி தீக்குளித்தார்கள். அதற்கு முன்பு அவர்கள் மனுக் கொடுக்காமல் இல்லை. அவர்களுக்கு இல்லாமல் போனது தன்னம்பிக்கை என்று யாராவது சொன்னால் எனக்குக் கை நடுங்குகிறது. கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் சட்டமன்றம் இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. அதை யார் கையில் எடுப்பார்கள் என்பது, கடன்பட்டவர் வெளியே வாய் திறப்பதைப் பொறுத்தது.

மறுதரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு. சின்னக் கடனை முதலில் அடைத்தால் தெம்பு வரும், அந்தத் தெம்பில் பெரியதையும் அடைக்கலாம் என்பது. தெம்பு வருவது உண்மைதான். தவணை மூன்று இடத்துக்குப் பதில் இரண்டு இடத்துக்குப் போவதே நிம்மதி. கடன்களின் வட்டி ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இந்த வழியில் போவதில் நஷ்டம் அதிகமில்லை. ஆனால் ஒன்று 10 சதவீத நகைக்கடனும் இன்னொன்று 60 சதவீத அஞ்சு வட்டியுமாக இருக்கும்போது, சின்னது என்பதற்காக நகைக்கடனை முதலில் மீட்பவர் அந்தத் தெம்பை மிக அதிக விலை கொடுத்து வாங்குகிறார். சிக்கனத்தையும் நான் பழிக்கவில்லை. 60 சதவீதத்தை 10க்கு இறக்கிய வீட்டில் டீக்காசு 900 ரூபாய்க்கு மரியாதை உண்டு. அங்கே அது அசலைத் தின்னும். வரவு சிறியதானாலும் செலவு பெருகாவிட்டால் கேடில்லை என்ற குறளை எல்லோரும் இந்த இடத்தில் எடுத்து வீசுவார்கள். கையால் செய்யும் செலவைப் பற்றிய பேச்சு அது. தூங்கும்போதும் தானாகப் பெருகும் செலவு ஒன்று வீட்டில் இருந்தால், முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு ஒப்பீடு. ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான கோடி கடனை அடைக்க முடியாமல் நின்றால் அதன் முதலாளியிடம் யாரும் நன்றியுணர்வு நாட்குறிப்பு எழுதச் சொல்வதில்லை. 2016 நொடிப்புச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்துக்குப் போகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் கூடி உட்கார்ந்து, கோரிய தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் போதும் என்று சராசரியாக ஒத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். அதற்குப் பெயர் தீர்வுத் திட்டம். தெருக்கோடி மளிகைக்காரர் அதையே செய்தால் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டான் என்று மூன்று தலைமுறைக்குப் பேசுவோம். அவருக்கு இன்றும் 1920ஆம் ஆண்டுச் சட்டம்தான். இத்தனைக்கும் 2016 சட்டத்திலேயே ஏழைகளுக்கென்று ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு இல்லை என்றால், விண்ணப்பித்து அந்தக் கடனிலிருந்து விடுதலை பெற்றுப் புதிதாகத் தொடங்கலாம். நிறுவனக் கடனுக்குச் சொந்தப் பிணை நின்றவர்களுக்கான விதிகள் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. ஏழைகளுக்கான இந்தப் பகுதி இன்னும் அமலுக்கு வரவில்லை. அதற்கு ஓர் அறிவிக்கை போதும்.